எண்டர் தட்டும் முன்: டெர்மினலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர் ஷீட், பிரிண்ட் டிசைன், லேபிள் படம் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில்தான் கிடக்கின்றன. புதிதாக வந்த பையன் ஒருநாள் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஏதோ தட்டிவிட்டு, முகம் வெளுத்துப்போய்க் கேட்டான்: "ஏனுங்கண்ணா, இதுல ரீசைக்கிள் பின் எங்கீங்க இருக்குது?"

இல்லை. கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளைக்குக் குப்பைக்கூடை கிடையாது. அழித்தால் போனதுதான்.

டிஎம்பி (tmp) என்று முடிகிற தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்க நினைத்திருக்கிறான். அதற்கு ஆர்எம் *.டிஎம்பி என்று அடிக்க வேண்டும். அவன் அடித்தது ஆர்எம் * .டிஎம்பி. நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரே ஓர் இடைவெளி. நாம் அடிப்பதைப் படித்து இயக்கும் ஷெல்லுக்கு அது இரண்டு தனிச் சொல். முதலாவது 'இங்கிருக்கும் அத்தனை கோப்பும்'. இரண்டாவது '.டிஎம்பி' என்ற பெயருள்ள ஒரு கோப்பு. அப்படி ஒன்று இல்லையே என்று திரை கடைசியில் ஒரு வரி முனகியது. அதற்குள் ஆர்டர் ஷீட் எல்லாம் காலி. முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் காப்பாற்றியது. காலையில் வந்தவற்றை மட்டும் உட்கார்ந்து மறுபடி அடித்தோம்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே விதி. முதலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) போட்டு எல்எஸ் *.டிஎம்பி. திரையில் வருகிற பட்டியலைப் படி. சரி என்றால் மேல் அம்புக்குறியைத் தட்டி, எல்எஸ் இருக்கும் இடத்தில் ஆர்எம் போடு. சந்தேகம் இருந்தால் ஆர்எம்முடன் -ஐ (-i) என்பதைச் சேர்த்துக்கொள், ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டு அழிக்கும். எதற்கெடுத்தாலும் -ஆர்எஃப் (-rf) போடுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். ஃபோல்டரை நீக்க -ஆர் போதும். எஃப் என்றால் 'கேள்வி கேட்காதே' என்று அர்த்தம். காலி ஃபோல்டர்தானா? ஆர்எம்டிர் (rmdir) போடுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் அது மறுத்துவிடும்.

அழிப்பதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். கோப்பை நகர்த்தும் எம்வி (mv) கட்டளையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 'பழசு' என்ற ஃபோல்டர் இருப்பதாக நினைத்து ஒரு கோப்பை அங்கே அனுப்புகிறீர்கள். அப்படி ஃபோல்டரே இல்லை. எம்வி பிழை சொல்லாது. அந்தக் கோப்பின் பெயரையே 'பழசு' என்று மாற்றிவிடும். அடுத்த கோப்பை அனுப்பினால் முதல் 'பழசு' மேலேயே இது உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒவ்வொன்றாகப் பத்து அனுப்பினால் மிஞ்சுவது ஒன்று. பெயருக்குப் பின்னால் 'பழசு/' என்று ஒரு சாய்கோடு போட்டுப் பழகுங்கள். ஃபோல்டர் இல்லையென்றால் அங்கேயே நின்று பிழை சொல்லும். இருக்கும் கோப்பின் மேல் எழுதாமலிருக்க எம்வியில் -என் (-n) உண்டு.

எந்த மெஷினில் நிற்கிறோம் என்று பார்க்காமல் தட்டுவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களின் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் ஃபோல்டரை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்து டேட்டா திரும்பவே இல்லை. இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். நம்மைப் போல் நாலு ஜன்னல் திறந்து வைத்திருப்பவர்கள் எந்த மெஷின் என்று சொல்லும் ஹோஸ்ட்நேம் (hostname), எந்த ஃபோல்டர் என்று சொல்லும் பிடபிள்யூடி (pwd) இரண்டையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு அழிக்கலாம். ரெண்டு நொடிதான்.

மற்றவை சின்னச் சங்கதி. பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அல்லது டேப் விசையைத் தட்டி ஷெல்லையே நிரப்ப விடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. விண்டோஸிலிருந்து வருகிற மெர்ச்சண்டைசர்கள் இதில்தான் 'என் ஃபோல்டரைக் காணோமுங்க' என்று வந்து நிற்பார்கள். அப்புறம், ஒரு கட்டளை திரையில் காட்டுவதைக் கோப்புக்கு அனுப்பும்போது ஒரு > போட்டால் பழைய கோப்பு துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும். அடியில் சேர்க்க >> வேண்டும்.