எதிராளிக்காக ஜெபிக்கும் முறை

பெங்களூரின் தமிழ்ச் சபைகளில் சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்கான தேர்தலில் எதிரணியில் நின்றவரும், வீட்டைக் காலி செய்த பிறகும் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரரும் நம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணச் சொல்லும் மத்தேயு 5:44 நமக்கு மனப்பாடம். அதைச் செய்யும் விதத்தில்தான் தடுமாறுகிறோம்.

முதலில் கோபத்தை ஆண்டவரிடமே கொட்டிவிடுங்கள். அதற்குச் சங்கீதம் 35 மிகவும் ஏற்றது: தன் உயிரைத் தேடுகிறவர்கள் வெட்கப்பட்டுப் போகட்டும் என்று கேட்கிற அதே வாய், அவர்கள் வியாதியாயிருந்தபோது தான் இரட்டு என்னும் முரட்டுத் துணியை உடுத்தி உபவாசித்ததையும் சொல்கிறது.

பிறகு அந்த எதிராளியின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். "அவரைத் திருத்தும், அவர் கண்களைத் திறந்தருளும்" என்று மட்டும் கேட்பது, என் பார்வையில், பெரும்பாலும் ஜெபமாக வேடமிட்ட புகார்தான். உங்கள் வீட்டுக்காக எதைக் கேட்பீர்களோ அதையே அவர் வீட்டுக்காகவும் கேளுங்கள்: மகள் இரண்டாம் பி.யு.சி. (பிளஸ் டூ) தேர்வு எழுதுகிறாள் என்றால் அவளுக்கு நல்ல ஞாபகசக்தியையும், தாயார் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார் என்றால் அவருக்குப் பெலத்தையும், வீட்டுக் கடன் அழுத்துகிறது என்றால் அதை அடைக்க வழியையும் கேளுங்கள். அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டால், கர்த்தருடைய ஜெபத்தை நிதானமாகச் சொல்லி, அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும் இடத்தில் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மனம் ஒட்டாத நாளிலும் இவ்வளவையாவது செய்ய முடியும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதை ஜெபக்குறிப்பாகக் கொடுக்காதீர்கள். ஆமென் சொல்லி டீ குடித்து முடிப்பதற்குள் செய்தி பிரேசர் டவுனிலிருந்து கம்மனஹள்ளிக்குப் போய்விடும். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று அவரிடமே சொல்வதும் குத்தலாகத்தான் கேட்கும்.

ஜெபிப்பதால் வழக்கைக் கைவிட வேண்டும் என்பதில்லை. துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள் என்று ரோமருக்கு எழுதிய பவுல்தான், விசாரணையின்போது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். அடி உதை, மிரட்டல் என்றால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் இருந்துகொண்டே ஜெபியுங்கள்.

ஜெபிக்கும்போது சில நேரம் நம் பக்கத்துக் குறை ஞாபகத்துக்கு வரும். அப்போது மத்தேயு 5:24 சொல்கிறபடி காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். அடுத்த திருவிருந்துக்கு முன் அவரை நேரில் பாருங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள். வாட்ஸ்அப் செய்தி இதற்குப் போதாது.