கிளவுட் அக்சஸ் கன்ட்ரோல்: பட்டியல் மேலே போகும், கதவு இங்கேதான் இருக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. கார்டோ கைரேகையோ காட்டினால் கதவு திறக்கும் ஏற்பாட்டை இன்டர்நெட் வழியாக நிர்வகிக்கும் கிளவுட் அக்சஸ் கன்ட்ரோல் போட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சர்வர் அறைக் கதவுக்கு வெளியே சுவரில் கைரேகை மெஷின், கதவுக்கு மேலே ஈஎம் லாக் என்ற காந்தப் பூட்டு. "எல்லாம் போன்லயே தெரியும் சார்" என்று ஐடி மேனேஜர் டாஷ்போர்டைத் திறந்து காட்டினார். நான் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து, மெஷினின் அடியில் இருந்த ஒற்றைத் திருகைக் கழற்றினேன். மெஷின் கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் லாக்குக்குப் போகும் கனெக்டரை உருவினேன். கதவு திறந்துகொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாஷ்போர்டில் அந்த நேரத்துக்கு ஒரு வரிகூடப் பதிவாகவில்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிஸ்டம் மட்டமானதில்லை. நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள்.

கிளவுட் என்றதும் கதவே மேலே போய்விட்டது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. மேலே போவது பட்டியல்தான்: யாருக்கு எந்தக் கதவு, எந்த நேரத்தில், யார் எப்போது வந்து போனார்கள். கதவு, பூட்டு, ஒயர், பேட்டரி எல்லாம் பழையபடி நம் கட்டிடத்தில்தான். நான் போய்ப் பார்க்கிற இடங்களில் தவறு இரண்டு வகையாகத்தான் நடக்கிறது. கதவருகே முடிய வேண்டிய வேலையை மேலே இருப்பது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், மேலே இருக்கும் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

சுவருக்கு வெளியே மூளையை வைப்பது

அம்பத்தூரில் நடந்தது முதல் வகை. ஈஎம் லாக் என்பது மின்காந்தம். கரண்ட் ஓடும்வரை பிடித்துக்கொண்டிருக்கும், நின்றால் விட்டுவிடும். அந்தக் கரண்டை நிறுத்தி ஓட்டும் ரிலே, கதவுக்கு வெளியே தொங்கும் மெஷினுக்குள்ளேயே இருந்தால், பூட்டின் சாவியை வாசலில் மாட்டிவைத்த மாதிரிதான். வெளியே இருப்பது கார்டையோ ரேகையையோ படித்து அனுப்பும் வெறும் ரீடராக இருக்க வேண்டும். முடிவெடுக்கும் கன்ட்ரோலரும் ரிலேயும் கதவுக்கு உள்ளே, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். "ஒரே மெஷின்ல எல்லாம் முடிஞ்சிடும்" என்று டீலர் சொல்வதும் அதனால்தான்.

கதவு சென்சாரையும் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்று பதிக்கும் சின்ன காந்த சுவிட்ச் அது. அது இல்லாவிட்டால் கார்டு காட்டியது மட்டும்தான் சிஸ்டத்துக்குத் தெரியும், கதவு உண்மையில் திறந்ததா என்பது தெரியாது. அன்று டாஷ்போர்டு வெறுமையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். சுவரிலிருந்து பிடுங்கினால் அலறும் டேம்பர் அலாரம் அந்த மெஷினில் இருந்தது. யாரும் ஆன் செய்யவில்லை.

ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே ஓடும் ஒயரையும் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வீகண்ட் என்ற பழைய முறைதான். கார்டு நம்பர் எந்த மறைப்பும் இல்லாமல் அந்த ஒயரில் போகும். நடுவில் ஒரு சின்னக் கருவியை ஒட்டினால் அப்படியே பிடித்துக்கொள்ளலாம். ஓஎஸ்டிபி என்ற முறையில் இதைக் குறியாக்கம் செய்து அனுப்ப முடியும். 2020-ல் மின்சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் ஐஇசி அமைப்பு அதைச் சர்வதேசத் தரமாகவும் ஏற்றது. புதிதாகப் போடுபவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். கேட்டு வாங்கினால் போதாது, குறியாக்கத்தை ஆன் செய்தார்களா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கார்டு. பழைய சிஸ்டத்தின் கார்டுகள் ஐந்நூறு இருக்கிறதே, அதையே ஓட்டலாம் என்பார்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு என்றால், கையடக்கக் கருவி ஒன்றை வைத்து நகல் எடுத்துவிடலாம். இன்னொரு பழைய வகையான மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியக் குறியீட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். மேலே பட்டியலுக்கு எத்தனை பாதுகாப்பு இருந்தாலும், நகல் கார்டு வந்து நின்றால் அதற்கும் "வாங்க" என்றுதான் கதவு சொல்லும். கார்டு மாற்றுவதாக இருந்தால் நகலெடுக்கக் கடினமான டெஸ்ஃபயர் வகைக்கு மாறுங்கள். போனையே கார்டாக வைப்பதும் நல்லதுதான், ஆனால் ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் எத்தனை பேரிடம் அதற்கேற்ற போன் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

நெட் போனால் என்ன ஆகும்?

வாங்குவதற்கு முன் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இது. "ஆஃப்லைன்லயும் ஓடும் சார்" என்று பதில் வரும். அதோடு விடாதீர்கள். எத்தனை கார்டு கன்ட்ரோலரின் நினைவில் தங்கும், நெட் இல்லாத நேரத்தில் எத்தனை பதிவுகளைச் சேர்த்துவைக்கும், நிறைந்தால் பழையது அழியுமா, கன்ட்ரோலர் ஒருமுறை அணைந்து எழுந்தால் பட்டியல் அப்படியே இருக்குமா? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் தடுமாறுவார்கள்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கலாம். நெட்வொர்க் பராமரிப்பில் நடந்த பிசகு. சரிசெய்யப் போன அவர்கள் ஊழியர்களுக்கே அடையாள அட்டை வேலை செய்யாமல் கட்டிடக் கதவு திறக்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. கதவைத் திறக்கும் ஏற்பாடும் விழுந்துபோன அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததன் விளைவு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை, நாள்கணக்கில். பேக்கப்புக்கு 4ஜி சிம் போட்டிருக்கிறோம் என்பவர்கள் அந்த வாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். டவரே விழுந்துவிட்டால் சிம் என்ன செய்யும்?

கரண்ட் கணக்கையும் பேப்பரில் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் வழக்கமாக வைக்கிறார்கள். 600 பவுண்டு விசை வரை பிடித்துக்கொள்ளும் ஈஎம் லாக் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலரும் ரீடரும் சேர்ந்து இன்னொரு 0.4 என்று வையுங்கள். கணக்குப்படி ஏழெட்டு மணி நேரம் வரும். இரண்டு வருடம் பழகிய பேட்டரியில் அதில் பாதி வந்தாலே பெரிது. அதே பேட்டரியில் இரண்டு கதவு என்றால் இன்னும் பாதி. இதையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் சேர்க்க மறந்த இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கதவு உயிரோடு இருக்கும், மேலே பேச வழி இருக்காது.

நெட் இல்லாத அந்த இடைவெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று வேலையை விட்டுப் போனவரின் கார்டை மேலே ரத்து செய்தாலும், அந்தச் செய்தி கதவை வந்து சேராது. இதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. கார்டைக் கையில் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தீ விபத்து விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. ஃபயர் அலாரம் அடித்தால் லாக்கின் கரண்டை அலாரம் பேனலிலிருந்து வரும் ஒயர் நேராகத் துண்டிக்க வேண்டும். "அலாரம் வந்தால் கிளவுட் எல்லாக் கதவையும் திறந்துவிடும்" என்பதை ஒருபோதும் ஏற்காதீர்கள். தேசியக் கட்டிட விதித் தொகுப்பு 2016, வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது. கதவருகே உள்பக்கம் பச்சை நிற எமர்ஜென்சி பெட்டி இருக்கட்டும். அதுவும் லாக்கின் கரண்டையே நேராகத் துண்டிப்பதாக இருக்கட்டும். எக்ஸிட் பட்டன் மட்டும் போதும் என்று விட்டால், கன்ட்ரோலர் மக்கர் பண்ணும் நாளில் பட்டனும் வேலை செய்யாது. கரண்ட் போனால் சர்வர் அறை திறந்துகொள்ளுமே என்று கேட்பவர்கள், அந்த ஒரு கதவுக்கு மட்டும் கரண்ட் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும் வகைப் பூட்டைப் போடலாம். உள்ளே கைப்பிடியைத் திருகினால் திறக்க வேண்டும்.

அந்தக் கணக்கு யார் பெயரில்?

இது சாதாரணமாகத் தோன்றும். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

டீலர் அனுப்பி சிஸ்டம் போட வருகிற பையன், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தன் மெயில் ஐடியிலேயே கிளவுட் கணக்கைத் தொடங்கிவிடுவான். உங்களுக்கு ஒரு லாகின் தருவான். எல்லாம் நன்றாக ஓடும். இரண்டு வருடம் கழித்து டீலரோடு ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த விஷயத்தில் தகராறு வரும்போதுதான் தெரியும், கணக்கின் உண்மையான உரிமையாளர் அவர், நீங்கள் அதில் ஒரு விருந்தாளி. கிண்டியில் ஒரு ஆபீஸுக்கு இப்படித்தான் ஆனது. உற்பத்தி செய்த கம்பெனிக்கு எழுதி, இன்வாய்ஸைக் காட்டி, கணக்கைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. அதுவரை புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்குச் செக்யூரிட்டி அண்ணன்தான் கதவு திறந்துவிட்டார்.

கணக்கு கம்பெனியின் டொமைன் மெயிலில் இருக்க வேண்டும். அதுவும் ஒரு ஆளின் பெயரில் வேண்டாம், பதவியின் பெயரில் இருக்கட்டும். டீலருக்குத் தனி லாகின் கொடுங்கள், வேலை முடிந்ததும் முடக்குங்கள். ஒரே அட்மின் பாஸ்வேர்டை ஹெச்ஆர், ஐடி, ஃபெசிலிட்டி மூன்று பேரும் வாட்ஸாப்பில் பகிர்ந்துகொண்டால், யார் கதவைத் திறந்தது என்று பிறகு கேட்பதில் அர்த்தமில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது ஓடிபி மாதிரியான ஒன்று, அட்மின்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

விற்கிற கம்பெனி பக்கத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. 2021 மார்ச்சில் வெர்கடா என்ற அமெரிக்க கம்பெனியின் சூப்பர் அட்மின் கணக்கு விவரம் வெளியே கசிந்து, அதன் வாடிக்கையாளர்களின் கேமராக்களை அந்நியர்கள் பார்த்தார்கள். கதவுக் கட்டுப்பாட்டு சிஸ்டமும் விற்கிற கம்பெனிதான் அது. ஆகவே "உங்கள் ஆட்களில் யாரெல்லாம் எங்கள் கதவைத் திறக்க முடியும், அப்படித் திறந்தால் எங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். கேட்டால் சங்கடப்படுவார்கள். பரவாயில்லை.

பட்டியலை யார் சுத்தம் செய்வது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கிய அன்றே கார்டும் போக வேண்டும். ஹெச்ஆர் மென்பொருளோடு இணைத்துவிட்டால் நிரந்தர ஊழியர்கள் பிரச்சினை தீரும். ஆனால் கான்ட்ராக்ட் ஆட்கள் அந்த மென்பொருளில் இருக்கவே மாட்டார்கள். ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு பொதுக் கார்டு, ஏசி மெக்கானிக்குக்கு ஒரு பொதுக் கார்டு என்று ரிசப்ஷன் டிராயரில் கிடக்கும். அந்தக் கார்டுகளுக்கு முடிவுத் தேதி போடுங்கள். தேதி வந்ததும் தானாகச் செத்துவிடும். கிளவுடில் இதைச் செய்வது சுலபம். ஆனாலும் செய்வதில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு இடத்தில் லேப்டாப் இரண்டு காணாமல் போனது. பதிவை எக்ஸெலில் இறக்கிப் பார்த்தார்கள். பெருக்க வரும் அம்மா ஒருவர் நள்ளிரவு 12:40-க்கு உள்ளே வந்ததாகக் காட்டியது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள். அவர் அழுதுகொண்டே, காலை ஆறு மணிக்கு பஸ் நிறுத்தம், ஆறு பத்துக்கு கேட் என்று ஏதோ குழறியிருக்கிறார். விஷயம் இதுதான்: திரையில் இந்திய நேரம், இறக்கிய கோப்பில் யுடிசி என்ற உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 6:10. கோப்பை இறக்கியவருக்கு அது தோன்றவே இல்லை. முதல் நாளே ஒரு கார்டைக் காட்டி, கைக்கடிகாரத்தையும் திரையையும் இறக்கிய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்திருந்தால் அந்த அம்மா அழுதிருக்க வேண்டியதில்லை.

பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்பதும் சந்தாவைப் பொறுத்து மாறும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவில், கம்பெனிகள் தங்கள் ஐடி சிஸ்டம்களின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. மலிவான சந்தாவில் 30 நாள்தான் தங்கும் என்றால், இறக்கிச் சேமிக்கும் வேலையை யாருக்காவது ஒப்படையுங்கள். சந்தா கட்டத் தவறினால் கதவு என்ன செய்யும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கைரேகை பற்றிச் சுருக்கமாக: கார்டு தொலைந்தால் வேறு கார்டு கொடுக்கலாம், விரலைக் கொடுக்க முடியாது. கைரேகை வார்ப்புகள், அதாவது ரேகையிலிருந்து மெஷின் எடுத்துவைக்கும் அடையாளக் குறிப்புகள், மேலே போகின்றனவா, கருவியிலேயே நிற்கின்றனவா என்று கேளுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதை வாய்வார்த்தையாக விட முடியாது. வருகைப் பதிவுக்காக எடுத்த ரேகையை வேறு எதற்கும் எடுத்துக்கொள்வதையும் நிறுத்துங்கள்.

சரி, உங்கள் கட்டிடத்தில் இது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆள் கூப்பிட வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆட்கள் கிளம்பிய பிறகு, ரவுட்டர் கேபிளை உருவிவிட்டு உங்கள் கார்டைக் காட்டுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி காட்டுங்கள். கடைசியாக, ஃபயர் அலாரம் டெஸ்ட் போட்டு ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பாருங்கள். கட்டிடச் சாவிக்கொத்தோடு ஒரு ஆள் வெளியே நிற்கட்டும்.