பென்சில்வேனியாவில் கொஞ்சம் நிலம் இருக்கிறதா? மானுக்கும் பறவைக்கும் செஸ்ட்நட் என்ற கொட்டை மரத்தை நடுங்கள், ஆனால் முதலில் ஓக்கைப் பாருங்கள்

மரக்கன்று வாங்கக் கிளம்பும் முன் நிலத்தை ஒருமுறை பொறுமையாகச் சுற்றி வாருங்கள். பெரும்பாலும் எங்கேயோ ஒரு நல்ல ஓக் மரம் மேப்பிள்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு நிற்கும். அதன் கிளைகளோடு முட்டுகிற பக்கத்து மரங்களை வெட்டி, தலைக்கு நாலு பக்கமும் வெயில் படும்படி செய்தாலே போதும், சில வருடங்களில் அது உதிர்க்கும் கொட்டை நன்றாகக் கூடும். இன்று நடுகிற வெள்ளை ஓக் கன்று ஒழுங்காகக் காய்க்க 20 வருடமாவது ஆகும். அதோடு கொட்டை மட்டுமே விஷயம் இல்லை, டெலாவேர் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் டக் டாலமி காட்டியிருப்பதுபோல ஓக் இலையைத் தின்று வளரும் புழுக்கள் இந்தப் பகுதியில் 500 வகைக்கு மேல், அந்தப் புழுக்கள் இல்லாமல் சிக்கடி போன்ற சின்னக் குருவிகள் குஞ்சு வளர்க்கவே முடியாது.

சரி, அப்புறம் எதற்குச் செஸ்ட்நட்? ஓக் ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருடம் கையை விரித்துவிடும். அது பூப்பது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், அந்த நேரத்தில் ஒரு பின்பனி விழுந்தால் பூ கருகிவிடும். செஸ்ட்நட் ஜூன் பாதிக்கு மேல்தான் பூக்கிறது, அதற்குள் பனி போய்விடும், அதனால் ஏறக்குறைய எல்லா வருடமும் செப்டம்பர், அக்டோபரில் காய் விழும். மானும் கரடியும் காட்டு வான்கோழியும் அணிலும் குளிர்காலத்துக்கு முன் உடம்பு தேற்றுகிற சரியான நேரம் அது. ஒரு காலத்தில் இந்த மலைகளில் இதன் அமெரிக்க இனம் எங்கும் நிறைய நின்றது. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் கண்டுபிடிக்கப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி மரங்களைச் சாகடித்தது. வேர் மட்டும் பல இடங்களில் இன்னும் சாகாமல் துளிர் விடுகிறது, துளிர் கொஞ்சம் பெருத்ததும் நோய் திரும்பப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே காய்க்காக நடுகிறீர்கள் என்றால் நோயைத் தாங்கும் சீனச் செஸ்ட்நட்டோ, டன்ஸ்டன் போன்ற கலப்பினமோதான் நடைமுறைக்கு உதவும். இவை காட்டு மரம்போல உயரமாக வளராமல் பழத்தோட்ட மரம்போல அகன்று வளரும், எனவே காட்டுக்குள் கொண்டுபோய் நடாமல் வெட்டவெளியின் ஓரத்தில், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழும் சரிவில் வையுங்கள். தனி மரம் தன் மகரந்தத்தால் காய்க்காது, இரண்டு வேண்டும், மூன்று இருந்தால் இன்னும் நல்லது, 25 முதல் 30 அடி இடைவெளி விடுங்கள். மண் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். மண்ணின் அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5 அளவில் இருந்தால் அருமை, சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு மண்ணில் இலை மஞ்சளாகிக் கன்று தேங்கிவிடும். தண்ணீர் நிற்கும் களிமண்ணில் வேர் அழுகும், அங்கே இதை நடவே வேண்டாம்.

கொட்டையிலிருந்தே வளர்க்க ஆசைப்பட்டால் அதைக் காயவிடக் கூடாது. லேசாக ஈரமான பீட் (மக்கிய பாசி) மண்ணோடு பையில் போட்டு இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்து, வசந்தத்தில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். கன்று வாங்குவதானால் மாநிலத்தின் வனவிலங்குத் துறையான பென்சில்வேனியா கேம் கமிஷனின் ஹோவர்ட் நர்சரி போன்ற அரசு நாற்றங்கால்களில் வெறும் வேர்க் கன்று (தொட்டியோ மண்ணோ இல்லாமல் வேரோடு வருவது) மலிவாகக் கிடைக்கும். நட்டு முடிக்கும்வரை வேரை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள், குழிக்குள் உரம் போடாதீர்கள்.

பத்து கன்றுக்குப் பணம் இருந்தால் நாலு கன்று வாங்குங்கள், மீதியைப் பாதுகாப்புக்குச் செலவழியுங்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் காவல் இல்லாத கன்றை மான் முதல் குளிர்காலத்திலேயே குச்சியாக்கிவிடும். கன்றைச் சுற்றிக் காற்றுத் துளையுள்ள ஐந்தடி பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், நாலடி போதாது, மான் தலையை நீட்டிக் கடித்துவிடும். குழாயின் அடியை ஓர் அங்குலம் மண்ணுக்குள் அழுத்தாவிட்டால் வோல் எலி உள்ளே புகுந்து பட்டையைச் சுற்றிக் கொறிக்கும். மேல்வாயில் வலை கட்டுங்கள், இல்லையென்றால் புளூபேர்ட் குருவி உள்ளே இறங்கி மேலே வர முடியாமல் செத்துப்போகும். கன்றைச் சுற்றி மூன்றடிக்குப் புல் இல்லாமல் மூடாக்கு போடுங்கள், புல்தான் தண்ணீரை முதலில் குடிக்கிறது. கன்று குழாய்க்கு மேல் தலை தூக்கியதும் வலையை எடுத்துவிட வேண்டும், மறந்தால் நுனி சிக்கி வளைந்துவிடும். கொஞ்சம் பெரிதாக வளர்ந்த பிறகு ஆண்மான் கொம்பு உரசும், அதற்கு ஐந்தடி உயரக் கம்பிக் கூண்டுதான் வழி.

செஸ்ட்நட் மட்டும் நட்டால் இலையுதிர் காலத்தோடு சாப்பாடு முடிந்துவிடும். ஜூனில் பழுக்கும் சர்வீஸ்பெரி பறவைகளுக்கு, அக்டோபர் தாண்டியும் பழம் உதிர்க்கும் அமெரிக்கப் பெர்சிமன் மானுக்கும் ரக்கூனுக்கும், ஈரப் பள்ளத்தில் பனிக்காலத்திலும் சிவப்பாகக் காய் நிற்கும் விண்டர்பெரி. பெர்சிமனிலும் விண்டர்பெரியிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். கேலரி பேரிக்காய் யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், பறவை விதையைப் பரப்பிப் பக்கத்து நிலமெல்லாம் முள்காடாகும், பென்சில்வேனியாவில் 2024 முதல் அதை விற்கவே தடை.

செலவில் ஒரு பகுதியை அமெரிக்க மத்திய விவசாயத் துறையின் ஈக்விப் (EQIP) என்ற நிதியுதவித் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் கவுன்டியில் அந்தத் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்.ஆர்.சி.எஸ். அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள், ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையை ஆரம்பிக்காதீர்கள், ஆரம்பித்த வேலைக்குப் பணம் தர மாட்டார்கள்.