ரோமானியக் குழியும் ஆர்தர் கதையும்: கோடைப் பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருடமும் அது நடந்தது. தெற்கு வேல்ஸில், இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் கோடைப் பள்ளி. காலையில் ரோமானியக் கட்டடம் ஒன்றில் அகழாய்வு, மதியத்துக்கு மேல் ஆர்தர் மன்னர் கதைகளைப் பற்றிய வகுப்பு. மூன்றாம் நாள் காலை ஒரு புது மாணவர் குழியிலிருந்து ஏறி, உள்ளங்கையில் எதையோ பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் கையை விரிக்கும் முன்பே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் அதே சிரிப்போடு நானும் ஓடியிருக்கிறேன்.

தொப்பி, மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள மெத்தை என்பதெல்லாம் பள்ளி அனுப்பும் தாளிலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

காசைக் கையோடு எடுத்து வருவது

என் முதல் வருடம் எனக்குக் கொடுத்தது கட்டடத்தின் ஒரு மூலை. மேலே உழவு மண். அதற்குக் கீழே, சரிந்து விழுந்த கூரை ஓடுகள் ஒரு படையாகக் கிடந்தன. ஓடுகளுக்குக் கீழே கருத்த மண், அப்புறம் கல் பாவிய தரை. அந்தப் பருவம் முழுக்க எல்லோரும் விடை தேடியது ஒரே கேள்விக்குத்தான்: இந்தக் கூரை எப்போது விழுந்தது?

கரணையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் பச்சையாக ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. விரலால் நெம்பினேன், வந்துவிட்டது. வெண்கலக் காசு. கதிர்க்கிரீடம் வைத்த ஒரு தலை அதில் மங்கலாகத் தெரிந்தது. கி.பி. 270, 280களில் பிரிட்டனில் உள்ளூரிலேயே அடித்துப் புழங்கிய நகல் காசு அது என்று பிறகு சொன்னார்கள். ஓடிப்போய்க் காட்டினேன். குழிக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி காசைப் பார்க்கவே இல்லை. "எந்த அடுக்கில் இருந்தது? ஓட்டுக்கு மேலா, கீழா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், எழுந்த வேகத்தில் என் முழங்கால் பட்டு அந்த இடமே கலைந்திருந்தது.

மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். காசு ஓடுகளுக்குக் கீழே இருந்திருந்தால், கூரை விழுந்தது 270ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான் என்று உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அடிக்கப்படாத காசின் மேல் கூரை எப்படி விழும்? ஓடுகளுக்கு மேலே இருந்திருந்தால், கூரையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. கீழே இருந்தாலும் காசு காட்டுவது "இதற்கு முன்னால் இல்லை" என்கிற ஒரு எல்லையை மட்டும்தான். பழைய காசு வருடக்கணக்கில் கைமாறும், பானையில் கிடக்கும், அப்புறம்தான் தொலையும். அந்த ஒரு எல்லையாவது கிடைத்திருக்கும். ஓடுகள் கலையாமல் கிடந்தது அந்த மூலையில் மட்டும்தான். பருவம் முடிந்து குழியை மூடினார்கள். என் காசு, அடுக்கு தெரியாத பொருள்களின் பட்டியலில் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அடுக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. தெற்கு வேல்ஸில் கார்லியன் என்கிற ஊரில் உள்ள ரோமானிய வட்டரங்கை 1926-27ல், மனைவி டெஸ்ஸாவோடு சேர்ந்து அகழ்ந்தவர் மார்டிமர் வீலர். அவர்தான் 1945ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் தோண்டினார். இத்தாலியிலிருந்து வந்த அரெஸ்ஸோ வகைச் சிவப்புப் பானை ஓடுகளுக்கு ஐரோப்பாவில் ஏற்கனவே காலம் கணித்திருந்தார்கள். அவை அரிக்கமேட்டில் எந்தெந்த அடுக்கில் கிடந்தன என்று பார்த்து, அவற்றோடு கிடந்த இந்தியப் பானை வகைகளுக்கும் வீலர் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கால வரிசை பிடிபட்டது அப்படித்தான். பின்னால் வந்த விமலா பெக்லி அந்த அடுக்குப் பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, அரிக்கமேட்டின் தொடக்கம் வீலர் சொன்னதைவிடப் பழையது என்று வாதாடினார். வீலர் வெறுமனே ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

ஆகவே, மண்ணில் எதுவாவது கண்ணில் பட்டால் முதலில் கையை எடுங்கள். பக்கத்தில் ஒரு சீட்டைக் குத்தி வையுங்கள். பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். இரண்டு முளைகளிலிருந்து தூரத்தை அளந்து, ஆழம், அடுக்கு எண் எல்லாம் எழுதிய பிறகு எடுங்கள். எண்ணைப் பையின் மேல் எழுதினால் மட்டும் போதாது. ஈரத்தில் அழிந்துபோகும். உள்ளேயும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.

இந்த வருட மாணவரின் கையில் இருந்தது, குயவர் முத்திரையில் பாதி தெரிகிற ஒரு சிவப்பு ஓடு. இரண்டு பேரும் மெதுவாக நடந்து திரும்பிப் போனோம். ஓடு கிடந்த தடம் மண்ணில் இன்னும் பதிந்திருந்தது. நான் ஒன்றும் பேசாமல் முளையையும் நாடாவையும் அவரிடம் கொடுத்தேன்.

பாக்கெட்டில் போடுவது

கூடாது. சின்ன ஓடானாலும்.

கதை நடந்த காலத்தையும் எழுதிய காலத்தையும் ஒன்றாக்குவது

மதிய வகுப்பிலும் அடுக்குதான் பிரச்சினை. ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலம் 500ஐ ஒட்டி. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்கிற துறவி, பிற்காலக் கதைகளில் ஆர்தர் வென்றதாக வரும் பேடன் குன்றுப் போரைக் குறிப்பிடுகிறார். ஆர்தர் என்கிற பெயர் அவரிடம் இல்லவே இல்லை. ஆர்தரின் 12 போர்களை வரிசையாகச் சொல்லும் லத்தீன் நூல் 829-830ல் எழுதப்பட்டது. கார்லியனில் ஆர்தர் பெரிய அரசவை கூட்டியதை விரித்து எழுதிய மான்மத் ஜெஃப்ரியின் காலமோ 1136ஐ ஒட்டியது. சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் அவர் பேனாவுக்கும் நடுவே 600 வருடங்களுக்கு மேல்.

புதியவர்கள் கட்டுரையில் இந்த மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும்: "பேடனில் வென்ற ஆர்தர், 12 போர்களுக்குப் பிறகு கார்லியனில் அரசாண்டார்." மூன்று அடுக்கு மண்ணை ஒரே வாளியில் போடுவது இது. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், அது எழுதப்பட்ட ஆண்டைப் பென்சிலில் குறித்துக்கொண்டு வாசியுங்கள். எந்தச் செய்தி எப்போது உள்ளே வந்தது என்று தன்னால் தெரியும்.

அதற்காகக் கதையைத் தூக்கிப் போட்டுவிடுவதும் தவறுதான். தொல்லியலில் ஆர்வம் அதிகம் உள்ளவர்கள் இதைச் செய்கிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1188ல் அந்த வழியாகப் போன வேல்ஸ் ஜெரால்ட், கார்லியனின் இடிபாடுகளை, குளியல் கூடங்களை, சூடேற்றும் அமைப்புகளை வியந்து எழுதியிருக்கிறார். ரோமானியர் போய்ப் பல நூற்றாண்டுகள் கழித்தும் அவ்வளவு சுவர்கள் நின்றிருக்கின்றன. அப்படி ஒரு இடத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, இங்கே ஒரு பெரிய மன்னர் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஜெஃப்ரியின் கதை 500ஆம் ஆண்டுக்குச் சாட்சி சொல்லாது. 12ஆம் நூற்றாண்டுக்கு அருமையான சாட்சி.

பெயர் ஒத்துப்போனால் போதும் என்று முடிவு கட்டுவது

12 போர்களில் ஒன்பதாவது, "லீஜியனின் நகரம்" என்கிற இடத்தில் நடந்ததாக அந்த லத்தீன் நூல் சொல்கிறது. லீஜியன் என்றால் ரோமானியப் படைப்பிரிவு. கார்லியன் என்கிற பெயருக்கே லீஜியனின் கோட்டை என்றுதான் பொருள். ரோமானியர் காலத்தில் இஸ்கா என்று பெயர். கி.பி. 75ஐ ஒட்டி அங்கே வந்து இறங்கியது இரண்டாம் அகஸ்டா லீஜியன். உடனே மாணவர்கள் வரைபடத்தில் முள் குத்திவிடுகிறார்கள். இங்கிலாந்தின் செஸ்டரும் லீஜியனின் நகரம்தானே? அங்கே இருந்தது இருபதாம் லீஜியன். ஒன்பதாம் போருக்குச் செஸ்டரைச் சொல்லும் ஆய்வாளர்கள் பலர்.

கார்லியன் வட்டரங்கின் கதையும் இப்படித்தான். வீலர் தம்பதி தோண்டும் முன் அது புல் மூடிய ஒரு நீள்வட்டப் பள்ளம். ஊர் மக்கள் அதை ஆர்தரின் வட்ட மேசை, அதாவது கதைகளில் அவர் தன் வீரர்களோடு உட்காரும் மேசை, என்று அழைத்தார்கள். புல்லுக்குக் கீழே இருந்தது கி.பி. 90ஐ ஒட்டிக் கட்டிய, சுமார் 6,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு. சனிக்கிழமை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். கையேட்டை அப்புறம் திறங்கள். முதலில் மேட்டின் மேல் ஏறி நின்று பாருங்கள். வட்ட மேசை என்று ஏன் தோன்றியது என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே பிரஷ்ஷால் தேய்ப்பது

இங்கே கிடைக்கும் பளபளப்பான சிவப்புப் பானை ஓடுகள் கால் (Gaul) என்கிற நாட்டில், இன்றைய பிரான்சில், செய்தவை. அவற்றின் மேற்பூச்சு முரட்டு பிரஷ்ஷுக்குத் தாங்காது. மெல்லிய பல் பிரஷ், கொஞ்சம் தண்ணீர், போதும். உலோகத்தைத் தண்ணீரில் காட்டவே காட்டாதீர்கள். வர்ணம் பூசிய சுவர்ச்சாந்து வந்தால் கழுவாமல் கேளுங்கள்.

இரவு எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது

சாப்பாடு, சொற்பொழிவு, அரட்டை என்று இரவு போய்விடும். குழியோரத்திலேயே எழுதுங்கள்.