திருவருகைக்காலம்: காத்திருப்பைக் கெடுக்கும் தவறுகள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உரோமை வழிபாட்டு முறையில் அது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாளிலும் வரலாம். காலத்தின் நீளமும் 22 முதல் 28 நாள் வரை மாறும். 2023-இல் விழா திங்கட்கிழமை வந்ததால், நான்காம் வாரம் ஒரே பகலில் முடிந்துவிட்டது. நாள்காட்டியைப் பார்த்த பிறகு திட்டமிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, விழாவை முன்கூட்டியே கொண்டாடித் தீர்ப்பது. பாட்டும் விருந்தும் டிசம்பர் நடுவிலேயே முடிந்துவிட்டால் 25-ஆம் தேதி களைப்புதான் மிஞ்சும். கிறிஸ்து பிறப்புக் காலமோ 24 மாலைதான் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. திருவருகைக்கால ஞாயிறு திருப்பலிகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ச்சிக் கீதம் பாடப்படுவதில்லை. வீட்டிலும் அந்த அடக்கம் வேண்டும். குடிலை முன்பே கட்டலாம். குழந்தை இயேசுவின் சுரூபத்தை 24 இரவு வையுங்கள். நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகைக்கால வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுதிரியைக் கூட்டி ஏற்றுங்கள்.

திருப்பலியில் குரு அணியும் ஊதா உடையைப் பார்த்து, இதை உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தைப் போல இன்னொரு தவக்காலமாக்குவதும் சரியல்ல. அல்லேலூயா நிற்பதில்லை, கட்டாய நோன்பும் இல்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு.

செபத்தில் தடுமாற்றம் பெரும்பாலும் பேராசையால் வருகிறது. முதல் நாளே எசாயா நூல் முழுவதையும் முடிப்பதாகத் தீர்மானித்தால் ஒரு வாரத்தில் எல்லாமே நின்றுபோகும். நாளுக்குப் பத்து நிமிடம், அன்றைய முதல் வாசகம், அதில் ஒரே வசனம்: இது போதும். டிசம்பர் 16 வரை வாசகங்களின் அழுத்தம் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை மீது இருக்கிறது. 17 முதல்தான் பெத்லகேம் நெருங்குகிறது. முதல் பகுதியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு 'விழிப்பாயிருங்கள்' என்ற அழைப்பே காதில் விழுவதில்லை. நேரமே இல்லாத குடும்பங்கள் 17 முதல் 23 வரை மாலை மன்றாட்டில் வரும் ஏழு 'ஓ' முன்மொழிகளையாவது ('ஓ' என்று கிறிஸ்துவை அழைத்துத் தொடங்கும் சிறு மன்றாட்டுகள்) நாளுக்கு ஒன்றாகச் சொல்லலாம்.

பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆழமான தவறு. விவிலியத்தில் யாக்கோபு திருமுகம் 5:7 காட்டும் உழவர் தம் வேலையைச் செய்துவிட்டே மழைக்குக் காத்திருக்கிறார். மழை அவர் கையில் இல்லை. பேச்சு நின்றுபோன உறவிடம் முதலில் பேசுவது உங்கள் வேலை; அவர் மனம் இளகுவது உங்கள் கையில் இல்லை. பேசிய பிறகு பதில் கேட்டு நச்சரிக்காமல், அவர் பெயரைச் சொல்லி நாள்தோறும் செபியுங்கள். அடுத்த வசனங்களில் யாக்கோபு ஒருவர் மீது ஒருவர் முறையிட வேண்டாம் என்கிறார். காத்திருப்பு முதலில் கெடுவது அங்கேதான்.

ஒப்புரவு அருளடையாளத்தை (குருவிடம் பாவ அறிக்கை செய்வதை) கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். நீண்ட வரிசையில் ஆன்ம ஆய்வு அவசரமாகிவிடும். திருமுழுக்கு யோவான் மனமாற்றத்துக்கு அழைக்கும் இரண்டாம் வாரத்திலேயே சென்றால், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும் மன்னிப்புக் கேட்கவும் விழாவுக்கு முன் நாள் இருக்கும்.