இங்கிலாந்துக்குப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: ஒரு பப், ஒரு சைக்கிள்

ஆகஸ்ட் பிறந்தால் ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகிற பையன்கள், பெண்கள், கூடவே அவர்களின் அப்பா அம்மா. "ஏனுங்கண்ணா, குக்கர் எத்தனை லிட்டர்ல எடுத்துட்டுப் போறதுங்க?" என்று பேச்சு தொடங்கும். குக்கர், ஸ்வெட்டர், பருப்புப் பொடி எல்லாம் பேசி முடித்தபின் நான் இரண்டு விஷயம் சொல்வேன். போனதும் ஒரு சைக்கிள் வாங்குங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பப்பைக் கண்டுபிடியுங்கள். பப் என்றால் மதுவும் சாப்பாடும் கிடைக்கிற, உட்கார்ந்து பேசுகிற இடம். இரண்டாவதைக் கேட்டதும் அம்மாக்களின் முகம் மாறிவிடும். அதனால்தான் விரிவாகவே எழுதிவிடுகிறேன். ஏற்கெனவே போய் இறங்கிவிட்டவர்களுக்கும் உதவும்.

நம் பக்கத்தில் மது என்றாலே டாஸ்மாக்தான் நினைவுக்கு வரும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு போகிற இடம். பப்பை அந்தக் கண்ணால் பார்க்காதீர்கள். கோயமுத்தூர், ஈரோட்டில் தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். டீயும் தேங்காய் பன்னும் ஒரு சாக்கு, உட்கார்ந்து பேசுவதுதான் காரியம். பப்பும் அப்படித்தான். மத்தியானத்தில் எழுபது வயதுப் பாட்டி தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். மேசைக்கு அடியில் நாய் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு குடும்பமே சாப்பிட வரும்.

நான் கேம்பிரிட்ஜில் ஒன்பது வருடம் இருந்தேன். முதல் நவம்பரை மறக்கவே முடியாது. நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஆய்வகம் விட்டால் அறை, அறை விட்டால் ஆய்வகம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் தெருமுனை பப்புக்கு அழைத்துப் போனார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, லைம் அண்ட் சோடா கேட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் கவுண்டரில் இருந்த அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றபோது பிளம்பர் நம்பர் அங்கேதான் கிடைத்தது. ஊரில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு அங்கேதான் வந்தது.

பழக்கவழக்கம் கொஞ்சம் தெரிந்திருந்தால் கூச்சம் இருக்காது. மேசையில் உட்கார்ந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள், பெரும்பாலும் நாமே கவுண்டருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முன்னால் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். கையைத் தட்டாதீர்கள், பணத்தை ஆட்டாதீர்கள், உங்கள் முறை தானாக வரும். ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த சுற்று இன்னொருவர் வாங்குவது வழக்கம். ஆறு பேர் கூட்டத்தில் அது கட்டுப்படியாகாது என்றால், "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அதில் தப்பே இல்லை. ஒரு பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட் 284. அரை பைன்ட் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. வயது 18 ஆகியிருக்க வேண்டும். 25க்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள்.

குடிக்கிறவர்களுக்கு ஒன்று. கைப்பம்பில் இழுத்துத் தருகிற ஏல் என்ற பீர் வகை ஜில்லென்று இருக்காது. நிலவறைக் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரியில் தருவதுதான் அதன் முறை. கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏல் அழிந்துவிடக் கூடாது என்று 1971இல் சாதாரண ஆட்கள் நாலு பேர் சேர்ந்து காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஊரில் நாட்டுக் கம்புக்கும் நாட்டு மாட்டுக்கும் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

பப்பில் ஞாயிறு மத்தியானம் தருகிற ரோஸ்ட்டை, அதாவது சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிரேவியும் சேர்ந்த சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி கேட்கலாம், சைவமும் பெரும்பாலும் உண்டு. சில இடங்களில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் வறுப்பார்கள், கிரேவியிலும் அது இருக்கலாம். அதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

கலிங்கராயன் வாய்க்கால் கரையில், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மஞ்சள் காடு, நடுவில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவன் நான். கேம்பிரிட்ஜிலிருந்து கிராண்ட்செஸ்டர் கிராமத்துக்கு ஆற்றோரப் புல்வெளி வழியாக முதல்முறை மிதித்தபோது அந்தக் கரைக்கே திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு மைல்தான். வழியில் மாடுகள் மேயும், வழிவிட மனசில்லாமல் நின்று பார்க்கும். கிராமத்துக்குள் நுழைந்தால் பப் இருக்கிறது. பிரிஸ்டல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம். அங்கிருந்து பாத் நகரம் வரை, மூடிப்போன ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். 13 மைல், ரயில் ஓடிய வழி என்பதால் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை.

அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் பஸ் ஹாரனுக்குப் பயந்து மண்ணில் இறங்கி ஓட்டுகிற நம் பழக்கத்தை விட வேண்டும். 2022இல் திருத்திய சாலை விதிப்படி, அமைதியான தெருவில் நீங்கள் உங்கள் இடதுபக்கத் தடத்தின் நடுவிலேயே ஓட்டலாம். முந்துகிற கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நடைபாதையில் ஓட்டக் கூடாது. டபுள்ஸ் அடிக்கவும் கூடாது. இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். ஆடிக் காற்றில் பொள்ளாச்சி ரோட்டில் எதிர்க்காற்றுக்கு மிதித்தவர்களுக்கு அந்த ஊர்க் காற்று புதிதில்லை. குளிர்தான் புதிது, கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க விரல் வராது.

பூட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். என் முதல் சைக்கிள் இரண்டாம் மாதமே ரயில் நிலைய வாசலில் காணாமல் போனது. மெல்லிய கம்பிப் பூட்டு, ஒரே வெட்டு. அன்று அழுகையே வந்துவிட்டது. பழைய சைக்கிளே போதும், ஆனால் நல்ல டி-லாக், அதாவது D எழுத்து வடிவக் கெட்டிப் பூட்டு வாங்கி ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஃபிரேம் நம்பரைக் குறித்துவைத்து, சைக்கிள்களைப் பதிவுசெய்கிற பைக்ரெஜிஸ்டர் இணையதளத்தில் பதியுங்கள்.

பப்பும் சைக்கிளும் சேரும் இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குடித்து நிதானமிழந்து சைக்கிள் ஓட்டுவது அங்கே குற்றம், ஆயிரம் பவுண்டு வரை அபராதம் வரலாம். குடித்தீர்கள் என்றால் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருங்கள் கண்ணு, இரண்டு மைல் நடந்தால் ஒன்றும் ஆகாது.

ஜூன் மாதம் இரவு ஒன்பதுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அந்த நாட்களில் வேலை முடிந்ததும் ஆற்றோரமாகக் கிளம்பிவிடுங்கள். பப்புக்கு வெளியே பெஞ்சு போட்டிருப்பார்கள், பேச்சு நீண்டுவிடும். விளக்கை மறக்காமல் எடுத்துப் போங்கள், திரும்பும்போது இருட்டியிருக்கும்.