பாலைவன நகரில் ஓய்வுக்காலம்: ஊரை ஜூலையில் பார்த்து முடிவெடுங்கள்

பனி அள்ளும் வேலை வேண்டாம், வீட்டு விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்று நினைக்கும் நம்மவர்களின் கண் அமெரிக்கத் தென்மேற்கு மாநிலங்களின் மேல் விழுவது இயல்பு. அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான், நெவாடாவின் லாஸ் வேகாஸ், டெக்சஸின் எல் பாஸோ, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி என்று பட்டியல் நீளும். பெரும்பாலோர் ஊர் பார்க்கப் போவது டிசம்பரிலோ ஜனவரியிலோதான். அப்போது எல்லா ஊரும் சொர்க்கம்தான். வாழப்போவது ஜூலையிலும் சேர்த்து என்பதால் ஊரை ஜூலையில் பாருங்கள். வீட்டு விலைக்கு முன்னால் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கைப் போடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே தவறான ஊர்களில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

வெயில் நமக்குப் பழக்கமா?

"வேலூர் வெயிலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் என்ன?" என்று சொல்லாதவர் இல்லை. பாலைவன வெயில் வேறு வகை. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலில் தெரிவதற்கு முன்பே உலர்ந்துவிடும், சட்டை நனையாது. உடம்பு நீரை இழந்துகொண்டிருப்பது தலை சுற்றும்போதுதான் தெரியும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இதய, சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்சுலினைக் காரில் விட்டு இறங்கக் கூடாது. கடைக்குள் போய்வரும் நேரத்திலேயே கெட்டுவிடலாம்.

ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் பாரன்ஹீட்டில் 110 டிகிரியை, அதாவது 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த ஜூலையில் ஓரிரவு வெப்பம் 97 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அமைந்துள்ள மேரிக்கோப்பா கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வெப்பம் தொடர்பான சாவுகள் 645. வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களில் பலரது வீட்டில் ஏசி இருந்தது, ஆனால் ஓடவில்லை. முதியவர்கள் குடியேறும் வீட்டில் ஏசியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

உயரத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடி. லாஸ் வேகாஸ் 2,000, டூசான் 2,400, எல் பாஸோ 3,700, நியூ மெக்சிகோவின் லாஸ் க்ரூசெஸ் 3,900, ஆல்புகர்க்கி 5,300 அடி. உயரம் கூடக் கூடக் கோடை தணியும், குளிர்காலம் கடுக்கும். ஃபீனிக்ஸைவிட டூசானில் ஐந்தாறு டிகிரி குறைவு. முக்கியமாக இரவில் காற்று ஆறும். ஆல்புகர்க்கியில் கோடை இதம்தான், ஆனால் குளிர்காலத்தில் இரவுகள் உறையும், பனியும் விழும். 5,000 அடிக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால் நுரையீரல், இதய நோயாளிகளுக்கு மூச்சு வாங்கும். அவர்கள் அங்கே சில வாரம் தங்கிப் பார்க்காமல் வீடு வாங்கக் கூடாது. எல் பாஸோவில் வசந்த காலத்தில் புழுதிக்காற்று வாட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செலவில் எல் பாஸோவும் லாஸ் க்ரூசெஸும் மலிவு. டூசான் நடுவில். ஃபீனிக்ஸும் லாஸ் வேகாஸும் அதற்கு மேல். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ், பட்ஜெட் பார்ப்பவர்களுக்குச் சரிப்படாது. டெக்சஸிலும் நெவாடாவிலும் மாநில வருமான வரி இல்லை. ஆனால் டெக்சஸில் வீட்டு வரி கூடுதல் என்பதால் எல் பாஸோவில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கே போய்விடும். அரிசோனாவில் வருமான வரி எல்லோருக்கும் 2.5 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியப் பணத்துக்கு மாநில வரி கிடையாது.

மக்கள் வசதி என்று பார்த்தால் ஃபீனிக்ஸ் வட்டாரம்தான் முன்னே நிற்கிறது. சாண்ட்லர், டெம்பி பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களும் இந்திய மளிகைக் கடைகளும் ஏராளம். தெற்கே மேரிக்கோப்பா என்ற ஊரில் மகா கணபதி கோயில் இருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள் என்றால் கூடுதல் வெயிலைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் நல்லது. அப்படி ஒரு பிடிப்பு இல்லாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை டூசான்: பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது, விலையும் தாங்கும், ஃபீனிக்ஸுக்கு இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். கார் ஓட்டாத பெற்றோர் என்றால் பேருந்து நிறுத்தத்துக்கும் மருந்துக் கடைக்கும் நிழலில் நடந்து போக முடியுமா என்று அந்தத் தெருவிலேயே நடந்து பாருங்கள். மதியத்தில் தார்ச்சாலை காலைப் பொசுக்கிவிடும்.

காப்பீடு: இதில் தவறினால் எந்த ஊரும் கட்டுப்படியாகாது

65 வயதானால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் 40 காலாண்டு, அதாவது ஏறத்தாழ பத்து ஆண்டு, வரி கட்டி வேலை செய்தவருக்குத்தான் அதன் ஏ பகுதி (மருத்துவமனைச் செலவுக்கானது) கட்டணமின்றிக் கிடைக்கும். கணவன் அல்லது மனைவியின் வேலைக் கணக்கும் செல்லும். பிள்ளைகளின் கணக்கு செல்லாது. அந்தக் கணக்கு இல்லாத பெற்றோர் கிரீன் கார்டோடு (நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு) ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகு பணம் கட்டிச் சேரலாம். 2026இல் ஏ பகுதிக்கு மாதம் 565 டாலர், மருத்துவர் செலவுக்கான பி பகுதிக்கு 202.90 டாலர். இருவருக்குமாக மாதம் 1,500 டாலரைத் தாண்டும். மருந்துக் காப்பீடு தனி. ஐந்தாண்டு நிறையும் மாதத்துக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் சேருவதற்கான காலம். தவறவிட்டால் பி பகுதிக்கு ஒவ்வொரு பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கும் 10 சதவீத அபராதம், அதுவும் காலமெல்லாம் தொடரும்.

அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்கு மார்க்கெட்ப்ளேஸ் என்ற அரசுச் சந்தை வழியாக வாங்கும் தனியார் காப்பீட்டுத் திட்டம்தான் வழி. வந்திறங்கிய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விட்டால் நவம்பரில் தொடங்கும் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். பழைய நோய்களைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பதே இதன் பெரும் பலம். பயணக் காப்பீட்டை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள்: ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இதய நோய்ச் சிகிச்சையை அது பெரும்பாலும் ஏற்காது. பிரீமிய மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பெற்றோரை மகனோ மகளோ தம் வரிக் கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டினால் அந்தப் பிள்ளைகளின் வருமானமும் சேர்ந்துவிடும். 2026 முதல், வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, கிரீன் கார்டுக்கு ஐந்தாண்டு ஆகாததால் மெடிகெய்டும் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடைக்காதவர்களுக்கு இந்த மானியமும் இல்லை. வரிக் கணக்கை எப்படிப் போடுவது என்று விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

திட்டங்கள் கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும். பெயர்பெற்ற மருத்துவமனை அதே ஊரில் இருக்கலாம், உங்கள் திட்டத்தின் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் போட்டு, தேவைப்படும் இதய மருத்துவரும் மருத்துவமனையும் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தியாவுக்குப் போய்வருவதிலும் கவனம் வேண்டும். ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர் வசிப்பு பற்றிக் கேள்வி எழும். ஓராண்டு தாண்டும் என்றால் கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தென்மேற்கு நகர் எதிலிருந்தும் இந்தியாவுக்கு நேரடி விமானம் கிடையாது; சக்கர நாற்காலி உதவியோடு இடையில் மாறக்கூடிய பயணமாகப் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது

முதலில் ஓராண்டு வாடகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த ஊரில் கழிக்காமல் வாங்காதீர்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவர்களால் வாடகை ஏறும். கோடையில் பேரம் படியும். அரிசோனாவில் 2025 ஜனவரி முதல் குடியிருப்பு வாடகைக்கு நகர வரி நீக்கப்பட்டுவிட்டது. பழைய படிவத்தை நீட்டி வரி கேட்டால் கட்டத் தேவையில்லை.

விலை குறைந்த பழைய வீடுகளில், டூசானில் குறிப்பாக, ஏசிக்குப் பதில் ஸ்வாம்ப் கூலர் இருக்கும். ஈரத் திண்டு வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விப்பது அது. மே, ஜூனில் மலிவாகக் குளிரூட்டும். ஜூலையில் பருவமழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் வேலைக்காகாது. கூலர் மட்டுமே உள்ள வீட்டை விட்டுவிடுங்கள். ஏசி இருந்தால் அதன் வயதைக் கேளுங்கள்; பத்து, பதினைந்து ஆண்டு ஆனவற்றை மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். அரை மணி ஓடவிட்டு, காற்றை உள்ளிழுக்கும் துளையிலும் குளிர்காற்று வரும் துளையிலும் வெப்பமானி வையுங்கள். வித்தியாசம் பாரன்ஹீட்டில் 15 முதல் 20 டிகிரி இருக்க வேண்டும். ஜனவரியில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கோடையில் அடிக்கடி பழுதாவது ஏசி மோட்டாரை இயக்க உதவும் கெப்பாசிட்டர் என்ற சிறு உறுப்பு. மாற்றுவது சிறிய வேலைதான், ஆனால் ஜூலையில் ஆள் வர நாளாகும். ஆகவே படுக்கையறை ஒன்றில் தனி ஜன்னல் ஏசி வைத்திருப்பது உயிர்க்காப்பு.

ஓட்டுக்கூரை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஓட்டுக்கு அடியிலுள்ள விரிப்பு இருபது, முப்பது ஆண்டில் நைந்துபோகும். அதை மாற்றியது எப்போது என்று கேட்க வேண்டும். மேற்கு பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல்கள் மாலை மின்கட்டணத்தை ஏற்றிவிடும்.

ஊருக்கு வெளியே மலிவாக நிலமும் வீடும் கிடைத்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. நகராட்சிக் குழாயா, கிணறா, லாரியா? ஃபீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேல் அருகே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் பகுதிக்கு லாரித் தண்ணீரை 2023 ஜனவரியில் நகரம் நிறுத்தியபோது குடியிருந்தவர்கள் பட்ட பாடு போதும்.

55 வயதுக்கு மேற்பட்டோருக்கான குடியிருப்புகளில் வீடு மலிவாகத் தெரியும். மாதச் சங்கக் கட்டணம், பொழுதுபோக்குக் கூடக் கட்டணம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியை எழுத்தில் வாங்குங்கள். நிலம் வாடகையில் உள்ள மொபைல் வீடு என்றால் நில வாடகை ஆண்டுதோறும் ஏறும். வீட்டை விற்கும்போதும் அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

வேலி ஃபீவர்

பாலை மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையை மூச்சில் இழுப்பதால் வரும் நோய் இது. ஃபீனிக்ஸ், டூசான் வட்டாரங்களில் அதிகம்; சர்க்கரை நோயாளிகளையும் முதியவர்களையும் கடுமையாகத் தாக்கலாம். ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், அளவுக்கு மீறிய அசதி. சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்காது, பூஞ்சைக்கு அது மருந்தில்லை. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் விடவில்லை என்றால் வேலி ஃபீவர் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். புழுதிப்புயல் வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள். தோட்டத்தில் காய்ந்த மண்ணைக் கிளறும் முன் நனையுங்கள். இந்தியாவுக்குப் போன இடத்தில் மார்பு எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் அரிசோனாவில் வசிப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நுரையீரலில் இது விடும் தழும்பு காசநோய் போலவே தெரியும். சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட வேண்டி வரலாம்.